எடை குறைக்கும் ஊசிக்குப் பதிலாக இயற்கை மருந்து இருக்கிறதா? ஓர் எளிய விளக்கம்

பாமசியில் வேலை செய்பவன் என்பதால் இந்தக் கேள்வி எனக்கு நன்றாகப் பழகிவிட்டது. மட்டக்களப்பு நகரத்திலும் சரி, காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கத்திலும் சரி, எடை குறைக்கும் ஊசியைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் இப்போது குறைவு. கட்டாரில் இருக்கும் மகன் சொல்லியிருப்பார், அல்லது லண்டனில் இருக்கும் மச்சாள் போட்டு மெலிந்திருப்பார். "தம்பி, ஊசி எண்டா பயமா இரிக்கி. விலையும் கட்டாது. அதே வேலையச் செய்யிற இயற்கை மருந்து ஏதும் இரிக்கா?" என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். கேட்காமலேயே பெயர் தெரியாத போத்தலை வாங்கி விழுங்குபவர்களை நினைத்தால்தான் எனக்குக் கவலை.

பதிலை முதலே சொல்லிவிடுகிறேன். அந்த ஊசி செய்யும் வேலையை அதே அளவுக்குச் செய்யும் மூலிகையோ, விதையோ, கப்சூலோ இதுவரை கிடையாது. கொஞ்சம் உதவக்கூடியவை சில இருக்கின்றன. அவற்றில் பல நம் குசினியிலேயே கிடக்கின்றன. ஒன்றுமே செய்யாதவையும் உண்டு, ஈரலையும் இதயத்தையும் கெடுப்பவையும் உண்டு. எது எந்தப் பக்கம் என்று பிரித்தறிய, முதலில் அந்த ஊசி உடம்புக்குள் என்ன செய்கிறது என்பது தெரிய வேண்டும்.

ஊசி செய்யும் வேலை

நாம் சாப்பிட்டதும் குடலில் இருக்கும் சில கலங்கள் ஜிஎல்பி-1 என்ற ஹோர்மோனைச் சுரக்கின்றன. அது கணையத்துக்குப் போய் இன்சுலினைச் சுரக்கச் சொல்லும், வயிற்றிலிருந்து உணவு குடலுக்கு இறங்கும் வேகத்தைக் குறைக்கும், மூளைக்கு "போதும்" என்று சொல்லும். சாப்பாட்டின் நடுவில் கை தானாக மெதுவாகிறதே, அதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் உடம்பு சுரக்கும் ஜிஎல்பி-1 ஏறக்குறைய 2 நிமிடத்தில் பாதியாகக் கரைந்துவிடும். அதை உடைக்கவென்றே இரத்தத்தில் ஒரு நொதியம் இருக்கிறது.

ஓசெம்பிக், வெகோவி என்ற பெயர்களில் வரும் செமக்ளுடைட், இந்த ஹோர்மோனைப் போலவே வேலை செய்யும்படி ஆய்வுகூடத்தில் உருவாக்கப்பட்டது. அந்த நொதியத்தால் அதை எளிதில் உடைக்க முடியாது. உடம்பில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் எடுக்கும். வாரத்துக்கு ஒரு ஊசி போதும் என்பது அதனால்தான். அமெரிக்காவில் 2017 டிசம்பரில் நீரிழிவுக்கும், 2021 ஜூனில் கூடிய அளவில் எடை குறைப்புக்கும் அனுமதி கிடைத்தது. 2021இல் வெளிவந்த பெரிய ஆய்வில் 68 வாரம் ஊசி போட்டவர்கள் சராசரியாக எடையில் 15 சதவீதம் அளவு குறைந்தார்கள். மருந்தில்லாத வெறும் ஊசி போட்டவர்களுக்கு 2.4 சதவீதம் குறைந்தது. இரண்டு பக்கத்தாருக்கும் சாப்பாடு, நடை பற்றிய ஆலோசனையும் கொடுக்கப்பட்டது. 80 கிலோ எடை உள்ளவருக்குக் கணக்குப் பார்த்தால் ஒரு பக்கம் 12 கிலோ, மறுபக்கம் 2 கிலோ. பிறகு வந்த டிர்செபடைட் இரண்டு ஹோர்மோன்களின் வேலையைச் செய்கிறது. அதன் கூடிய அளவில் 72 வாரத்தில் ஏறக்குறைய 21 சதவீதம் வரை குறைந்தது.

இந்த எண்களை மனதில் வைத்திருங்கள். "இதுவும் அது மாதிரித்தான்" என்று யார் எதை நீட்டினாலும் இதை வைத்துத்தான் அளக்க வேண்டும்.

ஊசியிலும் குறை உண்டு. குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் பலருக்கு வரும். பித்தப்பைக் கல்லும் கணைய அழற்சியும் சிலருக்கு வரலாம். கொழுப்போடு தசையும் கரையும். ஊசியை நிறுத்தி ஒரு வருடத்தில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது என்று அதே ஆய்வின் தொடர்ச்சி காட்டியது. தைராய்டில் மெடுலரி வகைப் புற்றுநோய் வந்தவருக்கும், குடும்பத்தில் யாருக்காவது அது இருந்தவருக்கும் இந்த ஊசி கூடாது. பிள்ளை பெற நினைப்பவர்கள் 2 மாதம் முன்பே செமக்ளுடைட்டை நிறுத்த வேண்டும். ஆகவே பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. அந்தப் பயம் நம்மை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதில்தான் கவனம் வேண்டும்.

"மருந்து இரசாயனம், மூலிகை இயற்கை" என்று பிரிப்பதும் அவ்வளவு சரியாக வராது. நீரிழிவுக்குக் கிளினிக்கில் தினமும் கொடுக்கும் மெட்ஃபோமின், ஐரோப்பாவின் ஒரு செடியில் இருந்த சரக்கைத் தொடர்ந்து போனதால் கிடைத்தது. ஜிஎல்பி வகையில் முதலில் வந்த எக்ஸெனடைட், அமெரிக்கப் பாலைவனத்து நச்சுப் பல்லி ஒன்றின் எச்சிலில் இருந்த பொருளைப் பார்த்துச் செய்யப்பட்டது. மரத்திலிருந்து வந்ததா, ஆய்வுகூடத்திலிருந்து வந்ததா என்று கேட்பதை விட, இதில் எவ்வளவு இருக்கிறது, மனிதருக்குக் கொடுத்துப் பார்த்தார்களா, என்ன கெடுதல் வந்தது என்று கேட்பது பயன் தரும்.

வெந்தயம், இசப்கோல், கொள்ளு

குசினியில் இருப்பவற்றில் நான் முதலில் சொல்வது நார்ச்சத்தைத்தான். அரைக் கிளாஸ் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி இசப்கோல் உமியைக் கலந்து மேசையில் வைத்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். தண்ணீர் முழுவதும் வழுவழுப்பான களியாகிக் கரண்டியில் தூக்கினால் இழுபடும். வயிற்றுக்குள் நடப்பதும் இதுதான். அந்தக் களி இடத்தை அடைத்துக்கொள்ளும், உணவு மெதுவாக இறங்கும், சாப்பிட்ட பின் இரத்தத்தில் சீனி சட்டென்று ஏறாது. சில வகை நார்களைப் பெருங்குடலில் இருக்கும் நுண்ணுயிர்கள் புளிக்கவைக்கும்போது சில அமிலங்கள் உண்டாகும். அவை மேலே சொன்ன அதே கலங்களைத் தூண்டி ஜிஎல்பி-1ஐக் கொஞ்சம் கூட்டும். இந்த ஒரு இடத்தில் மட்டும் "ஊசி மாதிரி" என்ற பேச்சில் ஒரு துளி உண்மை இருக்கிறது. ஆனால் அது நம் சொந்த ஹோர்மோன். 2 நிமிடத்தில் கரையத் தொடங்கிவிடும். ஆதலால் மாதக்கணக்கில் ஒழுங்காக எடுத்தால் ஒன்றிரண்டு கிலோ குறையலாம், அவ்வளவுதான். கெட்ட கொலஸ்ட்ரோல் குறைய இசப்கோல் உதவும் என்பது அதைவிட உறுதியாகத் தெரிந்த விஷயம்.

இதை எடுக்கும் முறை முக்கியம். உலர்ந்த உமியை வாயில் போட்டு ஒரு மிடறு தண்ணீர் குடித்தால் தொண்டையிலேயே ஊதி அடைத்துவிடும். ஒரு பெரிய கிளாஸ் தண்ணீரில் கலந்து உடனே குடித்துவிட்டு, மேலே இன்னொரு கிளாஸ் குடிக்க வேண்டும். விழுங்கக் கஷ்டப்படும் வயதானவர்களுக்குக் கொடுக்கவே கூடாது. தைராய்டுக் குளிசை குடிப்பவர்கள் அதற்கும் இசப்கோலுக்கும் இடையே 4 மணித்தியாலம் விட வேண்டும், இல்லையென்றால் குளிசை உடம்பில் சேராமலே போகும். இதைக் கேட்டு ஆச்சரியப்படும் பெண்கள் நிறையப் பேர். காலையில் வெறும் வயிற்றில் தைராய்டுக் குளிசை, அடுத்ததாக வெந்தயத் தண்ணீர் என்று ஒன்றாகவே முடித்துவிடுவார்கள்.

வெந்தயமும் ஊறினால் இப்படித்தான் வழுவழுப்பாகும். ஒரு தேக்கரண்டி வெந்தயத்தை இரவில் ஊறவைத்து, காலையில் தண்ணீரைக் குடித்து விதையையும் மென்று தின்பது நல்ல பழக்கம். வடித்த தண்ணீரை மட்டும் குடித்து விதையை வீசினால் நாரின் பெரும்பகுதி விதையோடு போய்விடும். கடலை, கச்சான் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வெந்தயமும் ஒவ்வாமல் போகலாம், அது ஒரே குடும்பத்துச் செடி. கர்ப்பிணிகள் கறிக்குத் தாளிக்கும் அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

"இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்ற பழமொழியைச் சொல்லிக் கொள்ளு ரசம் கேட்பவர்களுக்கு நான் எதிரி இல்லை. கொள்ளில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 22 கிராம் புரதம் இருக்கிறது, நாரும் நிறைய இருக்கிறது. பசியை அடக்கும் உணவுதான். ஆனால் கொழுப்பைத் தேடிப்போய்க் கரைக்கும் சரக்கு எதுவும் அதில் இல்லை. சோற்றின் ஒரு பகுதியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அவித்த கொள்ளு வந்தால் எடை குறையும். கொள்ளு ரசத்தைக் குடித்துவிட்டு வழக்கமான அளவு சோற்றைப் போட்டால் எடை அப்படியே நிற்கும். பழமொழி பிழை என்று நான் நினைக்கவில்லை. அதைச் சொன்னவர்கள் கொள்ளைச் சாப்பாடாகவே தின்றார்கள், குளிசையாக விழுங்கவில்லை.

குறிஞ்சா இலை

குறிஞ்சா நம் பக்கத்தில் சுண்டலாகவும் கஞ்சியாகவும் சாப்பிடும் இலை. அதில் வீட்டிலேயே பார்க்கக்கூடிய ஒரு அதிசயம் உண்டு. இரண்டு மூன்று இலையைப் பச்சையாக ஒரு நிமிடம் மென்று துப்பிவிட்டு வாயில் ஒரு கரண்டி சீனி போட்டுப் பாருங்கள். மணலைத் தின்பது போல் இருக்கும், இனிப்பே தெரியாது. இலையில் உள்ள ஜிம்னெமிக் அமிலம் நாக்கில் இனிப்பை உணரும் இடங்களில் போய் ஒட்டிக்கொள்கிறது. கொஞ்ச நேரத்தில் அது கழன்றதும் இனிப்பு திரும்பிவிடும். மாலையில் கேக், லட்டு, கண்டோஸ் என்று கை போகும் ஆட்களுக்கு அந்த அரை மணித்தியாலம் உதவக்கூடும். ஆனால் இதன் கப்சூலை விழுங்கினால் நாக்கில் படாது, அப்போது இந்தப் பயனும் கிடைக்காது. எடை குறைக்கும் என்பதற்கு ஆதாரம் மெலிதாகத்தான் இருக்கிறது. சீனி வருத்தத்துக்கு கிளிக்லசைட் குளிசையோ இன்சுலினோ எடுப்பவர்கள் குறிஞ்சாக் கப்சூலைச் சேர்த்தால் சீனி மிகவும் இறங்கி வியர்த்து, கை நடுங்கி விழக்கூடும். கறியாகச் சாப்பிடும் சுண்டலுக்கு அந்தளவு பயம் வேண்டாம்.

மீன் குழம்பில் ஒன்று, கப்சூலில் வேறொன்று

"கார்சீனியா" என்று பளபளப்பான போத்தலில் வருவது வேறெதுவும் இல்லை, மீன் குழம்பில் போடும் கறுத்த கொறக்காப்புளியின் குடும்பம்தான். அதன் தோலில் ஹைட்ரொக்சிசிட்ரிக் அமிலம் இருக்கிறது. உடம்பு மாச்சத்தைக் கொழுப்பாக மாற்றும் வழியில் வரும் ஒரு நொதியத்தை அது தடுக்கும். எலிகளில் நன்றாகவே வேலை செய்தது. நம்பிக்கையோடு மனிதருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வந்த ஆய்வில் 135 பேர் சேர்ந்தார்கள். ஒரு பகுதியினருக்குத் தினம் 1,500 மில்லிகிராம் அமிலம், மற்றவர்களுக்கு வெறும் கப்சூல். 12 வாரத்தின் முடிவில் இரண்டு பக்கத்துக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

பலன் இல்லை என்பதோடு முடிந்தால் காசு மட்டும்தான் நட்டம். இந்தக் கப்சூல்களை எடுத்தவர்களில் சிலருக்கு ஈரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டது பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. சிலருக்கு ஈரலையே மாற்ற வேண்டி வந்தது. குழம்பில் இரண்டு மூன்று துண்டு போட்டுத் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டு வருகிறோமே, நமக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்கலாம். நானும் சொல்கிறேன், குழம்புக்குப் பயப்படாதீர்கள். புளியின் சாறு குழம்பில் இறங்குவது வேறு, அந்த அமிலத்தைப் பிரித்துச் செறிவாக்கி மூன்று வேளையும் மாதக்கணக்கில் ஈரலுக்கு அனுப்புவது வேறு.

இதே கதைதான் பச்சைத் தேயிலைக்கும். கோப்பையில் ஊற்றிக் குடிக்கும் தேத்தண்ணியால் பொதுவாகக் கெடுதல் இல்லை, சீனி போடாவிட்டால் நன்மையும் உண்டு. அதன் சாரத்தைக் கப்சூலாக்கி, ஈஜிசிஜி என்ற பொருளை நாளுக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ எடுக்கும்போது ஈரல் பாதிப்புக்கான அறிகுறிகள் இரத்தத்தில் தென்படுகின்றன என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2018இல் எச்சரித்தது. நான் கண்ட வரையில் மக்கள் சறுக்கும் இடம் இதுதான். குசினியில் பாதுகாப்பானது என்றால் போத்தலிலும் பாதுகாப்பானது என்று நம்பிவிடுகிறார்கள்.

"இயற்கை ஓசெம்பிக்" என்ற பேர்பெரின்

2023இல் டிக்டொக்கில் பரவிய பெயர் இது. பேர்பெரின் வேறெங்கோ இருந்து வந்த புதுச் சரக்கு இல்லை. தடிமன், காய்ச்சல் என்றால் கொத்தமல்லியோடு அவிக்கும் மரமஞ்சளில் இருக்கும் மஞ்சள் நிறமும் கசப்பும் பெரும்பாலும் அதுதான். சிங்களத்தில் வெனிவெல்கெட்ட என்பார்கள். காட்டிலிருந்து வெட்டி வெட்டியே அருகிப்போய்க்கொண்டிருக்கும் கொடி. எடை குறைக்க என்று எல்லோரும் அதைத் தேடத் தொடங்கினால் காய்ச்சலுக்கு அவிக்கவும் மிஞ்சாது.

பேர்பெரினுக்கும் ஓசெம்பிக்குக்கும் வேலை செய்யும் வழி ஒன்றில்லை. கலங்களுக்குள் சக்தியைக் கணக்குப் பார்க்கும் ஒரு பொறிமுறையை அது தூண்டுகிறது. அந்த வகையில் மெட்ஃபோமினுக்குத்தான் கிட்ட வரும். வாயால் எடுத்ததில் நூற்றில் ஒரு பங்கு கூட இரத்தத்துக்குப் போய்ச் சேருவதில்லை. சீனியும் கொலஸ்ட்ரோலும் ஓரளவு குறையலாம். எடையில் ஒன்றிரண்டு கிலோ, கூடிப்போனால் இன்னும் கொஞ்சம். வயிற்றுப்போக்கு, வயிற்று முறுக்கு, மலச்சிக்கல் பலருக்கு வருகிறது.

எனக்குக் கூடுதல் பயம் வேறு இடத்தில். மருந்துகளை உடைத்து வெளியேற்றும் ஈரல் நொதியங்கள் சிலவற்றை பேர்பெரின் மந்தமாக்கிவிடும். அப்போது ஏற்கெனவே எடுக்கும் சில பிரஷர் குளிசைகள், சில கொலஸ்ட்ரோல் குளிசைகள், சிறுநீரகம் மாற்றியவர்கள் எடுக்கும் சைக்ளோஸ்போரின் எல்லாம் உடம்பில் தேங்கி அளவு கூடிவிடும். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் தொடவே கூடாது. பிறந்த குழந்தையின் மஞ்சள் காமாலையை மோசமாக்கி மூளையைப் பாதிக்கக்கூடிய பொருள் அது. காய்ச்சலுக்கு இரண்டு நாள் அவித்துக் குடிப்பதையும், கப்சூலை 6 மாதம் விழுங்குவதையும் ஒன்றாகப் பார்க்காதீர்கள்.

கொத்தல ஹிம்புட்டு மரக் குவளையில் இரவு தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் குடிப்பவர்களும் இருக்கிறார்கள். மாச்சத்து சீனியாக உடைவதை மெதுவாக்கும் பொருள்கள் அதில் இருப்பது உண்மை. நீரிழிவுக்குக் கொடுக்கும் அகார்போஸ் குளிசையின் வழியும் அதுதான். அது சீனிக்கு உதவலாம், எடைக்கு என்று எதிர்பார்க்க வேண்டாம். கருஞ்சீரகத்தைப் பல முஸ்லிம் வீடுகளில் நம்பிக்கையோடு எடுக்கிறார்கள். ஆய்வுகளிலும் ஒன்றிரண்டு கிலோ அளவில் சிறு பலன் தெரிகிறது. சமையல் அளவில் தாராளமாகச் சேர்க்கலாம், எண்ணெயைக் கரண்டி கரண்டியாகக் குடிப்பவர்கள் பிரஷர் குளிசையோ இரத்தத்தை இளக்கும் குளிசையோ எடுத்தால் டொக்டரிடம் சொல்ல வேண்டும். அப்பிள் வினிகருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த 2024ஆம் ஆண்டு ஆய்வை, கணக்குகளில் பிழை இருப்பதாகக் கண்டு 2025இல் சஞ்சிகையே திரும்பப் பெற்றுக்கொண்டது. தேசிக்காய், தேன், சுடுதண்ணி என்றால், ஒரு மேசைக்கரண்டி தேனில் 60 கலோரி இருக்கிறது என்பதை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன்.

வேகமாகக் குறைத்தால் சந்தேகப்படுங்கள்

"10 நாளில் 7 கிலோ" என்று போட்ட போத்தலோ கோப்பிப் பைக்கற்றோ கையில் கிடைத்தால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது. 7 கிலோவுக்கு 54,000 அளவு. ஒருவருக்கு நாள் முழுவதும் தேவைப்படுவது 2,000 கலோரி என்று வைத்தால், 10 நாள் பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்துக் கிடந்தாலும் 20,000தான் செலவாகும். அதாவது 3 கிலோ கொழுப்புக் கூட இல்லை. மிச்சம் குறைவதெல்லாம் தண்ணீரும் மலமும் தசையும்தான்.

மெலிய வைக்கும் தேயிலை என்று வருபவற்றில் பலவற்றில் நிலாவரை இருக்கும். அது பேதி மருந்து. தராசு இறங்கும், கொழுப்பு இறங்காது. நாள்பட எடுத்தால் உடம்பில் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பே குழம்பும்.

உண்மையிலேயே பசி அடங்கி எடை வேகமாகக் குறைகிறது என்றால் இன்னும் மோசமாக இருக்கலாம். சிபூட்ரமீன் என்று ஒரு பசியடக்கி மருந்து இருந்தது. இதய நோயாளிகளில் மாரடைப்பையும் பக்கவாதத்தையும் கூட்டுகிறது என்று 10,000 பேருக்கு மேல் சேர்ந்த ஆய்வில் தெரிந்ததால் 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது. அதே மருந்தை "நூறு வீதம் மூலிகை" என்று எழுதிய கப்சூல்களிலும் கோப்பித் தூள்களிலும் இரகசியமாகக் கலந்திருப்பதை உலகின் பல நாடுகளில் திரும்பத் திரும்பப் பிடித்திருக்கிறார்கள். நெஞ்சு படபடப்பு, வாய் வறட்சி, இரவில் தூக்கமில்லை, பசி அறவே இல்லை. ஒரு மூலிகைக் கப்சூல் எடுத்து இத்தனையும் சேர்ந்து வந்தால் அதை மூலிகையின் சக்தி என்று எண்ணி மகிழாதீர்கள். அன்றைக்கே நிறுத்துங்கள்.

போத்தலைத் திருப்பி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஒவ்வொரு சரக்கும் எத்தனை மில்லிகிராம் என்று தனித்தனியாக எழுதியிருக்க வேண்டும். "விசேட மூலிகைக் கலவை 500 மில்லிகிராம்" என்று மொத்தமாக எழுதினால் உள்ளே எது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. தயாரித்த இடத்தின் முகவரி, தொகுதி இலக்கம், காலாவதித் திகதி மூன்றும் வேண்டும். இலங்கையில் ஆங்கில மருந்துகளும், உணவுக்கும் மருந்துக்கும் இடையில் நிற்கும் பொருள்களும் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் கீழ் வருகின்றன. வட்ஸ்அப்பில் படம் அனுப்பி, காசு போட்டதும் பஸ்ஸில் பார்சல் வரும் போத்தலில் இதில் எதையும் சரிபார்க்க முடியாது.

ஊசிக்கும் இது பொருந்தும். போலி செமக்ளுடைட் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2024 ஜூனில் எச்சரிக்கை விட்டது. அசல் ஊசியாகவே இருந்தாலும் திறக்காத பேனாவை 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் வைத்திருக்க வேண்டும். வளைகுடாவிலிருந்து சூட்கேசில் உடுப்போடு சுற்றி வந்து, சித்திரை வெயிலில் கல்முனை வரை வானில் ஓடி வந்த ஊசியில் எவ்வளவு மருந்து மிச்சம் என்று யாரும் சொல்ல முடியாது.

நாட்டு வைத்தியரிடம் போகலாமா என்று கேட்பவர்களுக்கு, பதிவுள்ளவரிடம் போங்கள் என்பேன். உடம்பைப் பார்த்து, என்ன குளிசை எடுக்கிறீர்கள் என்று கேட்டு, பத்தியம் சொல்லி மருந்து கொடுப்பவருக்கும் பெயரில்லாத போத்தலுக்கும் நிறைய வித்தியாசம் உண்டு. நிந்தவூரில் ஆயுர்வேத ஆராய்ச்சி வைத்தியசாலையே இருக்கிறது. கிளினிக் கொப்பியை அங்கேயும் கொண்டுபோங்கள், அங்கே தந்ததைக் கிளினிக்கிலும் காட்டுங்கள். இரண்டு பக்கமும் மறைப்பதால்தான் சிக்கல் வருகிறது.

அப்போ என்ன செய்யலாம்?

முதலில் அளந்து பாருங்கள். எடையைக் கிலோவில் எடுத்து, உயரத்தை மீற்றரில் எடுத்து அதை அதனாலேயே பெருக்கி, எடையை அந்த எண்ணால் வகுத்தால் வருவது உடல் நிறைச் சுட்டி. 1.6 மீற்றர் உயரம், 70 கிலோ என்றால் 27.3. ஆசியர்களுக்கு 23இலிருந்தே கவனம் தேவை, 27.5ஐத் தாண்டினால் ஆபத்து அதிகம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு சொல்லியிருக்கிறது. இடுப்புச் சுற்றளவு பெண்களுக்கு 80, ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரைத் தாண்டக் கூடாது. அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இயங்கும் சுகவாழ்வு நிலையங்களில் எடை, பிரஷர், சீனி எல்லாம் இலவசமாகப் பார்ப்பார்கள். கொழும்புக்கு ஓடத் தேவையில்லை.

15 சதவீதம் குறைய வேண்டும் என்று மனதை வருத்திக்கொள்ளவும் வேண்டாம். எடையில் 5 சதவீதம், அதாவது 80 கிலோவில் 4 கிலோ குறைந்தாலே சீனியும் பிரஷரும் இறங்கத் தொடங்கும். 2002இல் அமெரிக்காவில் வெளிவந்த பெரிய ஆய்வொன்றை இங்கே சொல்ல வேண்டும். நீரிழிவு வரும் நிலையில் இருந்தவர்களில் ஒரு பகுதியினருக்குச் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் வாரம் 150 நிமிட நடையும், இன்னொரு பகுதியினருக்கு மெட்ஃபோமினும் கொடுத்தார்கள். குளிசை நீரிழிவை 31 சதவீதம் குறைத்தது. நடையும் சாப்பாடும் 58 சதவீதம் குறைத்தன. ஊசிக்கு மாற்றான இயற்கை வழி என்று நான் நெஞ்சில் கைவைத்துச் சொல்லக்கூடியது இதுதான். இதைப் போத்தலில் அடைத்து விற்க முடியாது என்பதால் யாரும் விளம்பரம் செய்வதில்லை.

நம் சாப்பாட்டில் இதைப் பொருத்துவது அவ்வளவு கஷ்டமில்லை. நாளுக்கு 5 தேத்தண்ணி, ஒவ்வொன்றிலும் 2 கரண்டி சீனி என்றால் அதுவே 160 கலோரி. பால்மாவும் மாலை ரோல்ஸும் அதற்கு மேல். ஒவ்வொரு தேத்தண்ணியிலும் சீனியை வாரத்துக்கு அரைக் கரண்டி வீதம் குறைத்துக்கொண்டு வந்தால் நாக்கு பழகிவிடும். மத்தியானம் சோற்றுக்கு முன்னால் முதலில் மீனும் கீரைச் சுண்டலும் பருப்பும் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு அப்புறம் சோற்றுக்குப் போங்கள். புரதத்தையும் நாரையும் முன்னால் சாப்பிட்டால் சீனி ஏறுவது குறைவதையும், ஜிஎல்பி-1 கூடுதலாகச் சுரப்பதையும் சிறு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வாவி மீனும் றாலும், முருங்கை இலையும் வல்லாரையும் பொன்னாங்காணியும் கிடைக்கும் ஊரில் இருந்துகொண்டு புரதத் தூளுக்குக் காசு கொட்டத் தேவையில்லை. இரவுப் பிட்டை ஒரு பிடி குறைத்து அந்த இடத்தில் முட்டையோ கடலையோ வைக்கலாம். தயிர் நல்லது, அதன் மேல் ஊற்றும் பாணியும் சீனியும்தான் கூடாது. மாலையில் கல்லடிப் பக்கம் போய்ப் பாருங்கள், பாலத்திலும் கடற்கரையிலும் எத்தனை பெண்கள் நடக்கிறார்கள் என்று. அவர்களோடு சேர்ந்துகொள்ளலாம்.

இவ்வளவும் செய்தும் குறையாதவர்கள் இருக்கிறார்கள். பரம்பரை, தைராய்டு, சில குளிசைகள், மாதவிடாய் நின்ற பின் வரும் மாற்றம் என்று காரணங்கள் பல. அவர்களைச் சோம்பேறி என்று பேசுவது அநியாயம். உடல் நிறைச் சுட்டி 30ஐத் தாண்டியவர்களுக்கும், 27ஐத் தாண்டிச் சீனியோ பிரஷரோ உள்ளவர்களுக்கும் அந்த ஊசி உண்மையான மருந்து. டொக்டரோடு பேசி அதை எடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஏற்கெனவே ஏதாவது மெலியும் கப்சூலோ தூளோ எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். கண் வெள்ளை மஞ்சளாவது, சிறுநீர் தேத்தண்ணிச் சாயம் போல் போவது, வலது விலாவுக்குக் கீழே நோவு, காரணமில்லாத அரிப்பு, தொடர்ந்த வாந்தி ஆகியவை ஈரல் கெடுவதன் அறிகுறிகள். நெஞ்சு படபடப்பு, மயக்கம், நெஞ்சு நோவு இதயத்துக்கு உரியவை. எது வந்தாலும் அடுத்த நாள் வரை பார்க்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போகும்போது போத்தலைக் கையோடு கொண்டுபோங்கள், வெறும் போத்தலாக இருந்தாலும் பரவாயில்லை. "ஏதாவது நாட்டு மருந்து எடுத்தீர்களா?" என்று டொக்டர் கேட்டால் ஏச்சுக்குப் பயந்து இல்லை என்று சொல்லாதீர்கள். எந்தச் சரக்கு, எத்தனை நாள், எத்தனை வேளை என்று தெரிந்தால்தான் அவர்களால் சரியான சிகிச்சையைத் தொடங்க முடியும்.